மார்ச் 31-க்குள் ஒரு பட்ஜெட்

இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர், "அது ரெண்டாயிரம் வருஷத்துப் பகை, யார் வந்தாலும் தீர்க்க முடியாது" என்று சொல்லி முடித்துவிடுகிறார். கேட்டவர்களும் ஒரு பெருமூச்சோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த வாக்கியம் எனக்கு ஒருநாளும் செரித்ததில்லை. பகை இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. வேதத்தைக் காட்டி நிலம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பழம்பகையால் எந்தத் தேதியையும் விளக்க முடியாது. 2025 ஜனவரி 19 அன்று தொடங்கிய போர்நிறுத்தம் 58 நாள் தாக்குப்பிடித்துவிட்டு, மார்ச் 18, செவ்வாய்க்கிழமை, விடியும் முன் ஏன் உடைந்தது? பகைதான் காரணம் என்றால் பிப்ரவரி முழுக்க அந்தப் பகை எங்கே போயிருந்தது? அந்த ஒரு நாள் தாக்குதலில் காசாவில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 அன்று, ஜெருசலேமில் அந்த ஆண்டுக்கான பட்ஜெட் 66-க்கு 52 என்ற வாக்கில் நிறைவேறியது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, "தீராத பகை" என்று சொல்லிக் கடந்துபோவது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே எனக்குப் படுகிறது.

"எல்லாத்துக்கும் பின்னாடி அரசியல்தான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதிலும் பயனில்லை. எந்த நாளில், யாருடைய பதவி, எத்தனை வாக்கில் ஊசலாடியது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முப்பது வருடக் கதையில் ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அமைதிக்கு ஒப்புக்கொள்ளும் தலைவர் அதற்கான விலையைத் தன் பதவியால், அதுவும் சில வாரங்களுக்குள், கொடுக்க வேண்டியிருக்கிறது. போரைத் தொடர்பவருக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. அந்த விலை வேறு வீடுகளில் வசூலாகிறது.

61 என்ற எண்

இஸ்ரேலின் நாடாளுமன்றமான கினெசெட்டில் 120 இடங்கள். நாடு முழுவதும் ஒரே தொகுதி, கட்சி வாங்கும் வாக்கு விகிதப்படி இடங்கள். 1949-இல் நடந்த முதல் தேர்தலிலிருந்து இன்றுவரை எந்தக் கட்சியும் தேர்தலில் தனித்து 61 இடங்களைப் பிடித்ததில்லை. ஆகவே பிரதமர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதன் ஒரு காலை ஐந்தாறு உறுப்பினர் மட்டுமே உள்ள ஏதோ ஒரு கட்சி பிடித்துக்கொண்டிருக்கும்.

1995 அக்டோபர் 5 அன்று இரவு இந்த எண் என்ன செய்தது என்று பாருங்கள். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் போட்ட, மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளாகப் பிரித்த இரண்டாம் ஒஸ்லோ ஒப்பந்தம் கினெசெட்டுக்கு வருகிறது. பிரதமர் இட்சாக் ரபினிடம் தொழிற்கட்சியின் 44, மெரெட்ஸ் கட்சியின் 12, ஆக 56 பேர். ஆறு பேர் கொண்ட ஷாஸ் கட்சி இரண்டு வருடம் முன்பே வேறொரு காரணத்துக்காக அமைச்சரவையை விட்டுப் போய்விட்டது. 56-இலும் தொழிற்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் எதிர்த்து வாக்களிக்கிறார்கள். மிச்சம் 54. வெளியிலிருந்து ஆதரித்த ஹதாஷ் கட்சியின் 3, அரபு ஜனநாயகக் கட்சியின் 2, ஆக 59. கடைசி இரண்டு வாக்குகள் தீவிர வலதுசாரிக் கட்சியான சோமெட்டிலிருந்து பிரிந்து வந்த இருவருடையவை. ஒருவருக்கு அமைச்சர் பதவி, இன்னொருவருக்குத் துணையமைச்சர் பதவி. துணையமைச்சருக்குக் கிடைத்த மிட்சுபிஷி காரின் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் இஸ்ரேலிய வலதுசாரிகள் அந்த வாக்கெடுப்பை இழிவுபடுத்துகிறார்கள். நள்ளிரவு தாண்டி முடிவு வந்தது: 61-க்கு 59.

அந்த 61-இல் ஐந்து வாக்கு அரபுக் குடிமக்களின் ஆதரவில் நின்ற கட்சிகளுடையது என்பதால், "யூதப் பெரும்பான்மை இல்லாத முடிவு" என்ற கோஷம் எழுந்தது. அதே இரவு ஜெருசலேமின் சியோன் சதுக்கத்தில் கூடிய எதிர்ப்புக் கூட்டத்தில் ரபினை நாஜி சீருடையில் காட்டும் படங்கள் கைமாறின. முப்பது நாள் கழித்து, நவம்பர் 4 அன்று, டெல் அவீவில் ஒரு யூதத் தீவிரவாதி ரபினைச் சுட்டுக் கொன்றான். இத்தனைக்கும் அந்த அக்டோபர் உரையில் ரபின் பாலஸ்தீனர்களுக்குத் தனி நாடு தருவதாகச் சொல்லவே இல்லை. நாட்டுக்குச் சற்றுக் குறைவான ஓர் அமைப்பு என்றுதான் சொன்னார். அவ்வளவுக்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒஸ்லோவின் அமைப்பிலேயே இதற்கான இடம் இருந்தது. ஜெருசலேம், அகதிகள், யூதக் குடியேற்றங்கள், எல்லைகள், பாதுகாப்பு என்று கடினமான கேள்விகளை எல்லாம் "இறுதி நிலைப் பேச்சு" என்ற பெட்டியில் போட்டு ஐந்து வருடம் தள்ளிவைத்தார்கள். அதற்குள் இரு பக்கமும் நம்பிக்கை வளரும் என்பது எண்ணம். வளர்ந்தது எதிர்ப்பவர்களின் கைதான். அந்த ஐந்து வருடம் ஒப்பந்தத்தைக் கெடுக்க நினைத்தவர்களுக்கு வாய்த்த அவகாசமாயிற்று. 1994 பிப்ரவரி 25 அன்று ஹெப்ரோனில் தொழுகையில் இருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். நாற்பதாம் நாள் அஃபூலாவில் ஹமாஸின் கார் குண்டு வெடித்தது. 1996 பிப்ரவரி 25 முதல் மார்ச் 4 வரை ஒன்பது நாட்களில் ஜெருசலேம், அஷ்கெலோன், டெல் அவீவ் என்று நான்கு தற்கொலைத் தாக்குதல்கள். ரபின் கொலைக்குப் பிறகு பிரதமராகி, கருத்துக்கணிப்புகளில் வெகுதூரம் முன்னிலையில் இருந்த ஷிமோன் பெரெஸின் செல்வாக்கு அந்த ஒன்பது நாளில் கரைந்தது. தன்னால் கடுமை காட்ட முடியும் என்று நிரூபிக்க பெரெஸ் ஏப்ரலில் லெபனான்மீது தாக்குதல் தொடங்கினார். கானாவில் ஐ.நா. முகாமில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இஸ்ரேலிய பீரங்கிக் குண்டுகளில் இறந்தார்கள். கொதித்துப்போன அரபு வாக்காளர்கள் பலர், அப்போது மக்களே நேரடியாக வாக்களித்த பிரதமர் தேர்வில் வெற்றுச்சீட்டு போட்டார்கள். மே 29 அன்று நெதன்யாகு சுமார் 30,000 வாக்கு வித்தியாசத்தில், ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியில், வென்றார்.

ஹமாஸும் குடியேற்றத் தீவிரவாதிகளும் கைகோத்துத் திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தானாகவே உதவியது. அந்த இடைவெளியில் நிலம் மட்டும் நிற்காமல் கைமாறிக்கொண்டிருந்தது. 1993-இல் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் குடியேறிகள் இருந்தார்கள். இன்று 5 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு குடியேற்றமும் ஒரு வாக்குச்சாவடி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லைக்கோடு வரையும் வேலை வருடத்துக்கு வருடம் கடினமாகும்போது, அதை வரைய வேண்டிய பிரதமரைத் தோற்கடிக்கும் வாக்குகளும் வருடத்துக்கு வருடம் கூடுகின்றன.

கெடாமல் வைக்கும் திரவம்

2005-இல் ஏரியல் ஷரோன் காசாவிலிருந்த 21 குடியேற்றங்களையும் மேற்குக் கரையின் வடக்கில் நான்கையும் காலி செய்தார். சுமார் 8,000 பேரை வெளியேற்றினார். உலகம் இதை அமைதியை நோக்கிய நடை என்று பாராட்டிக்கொண்டிருந்தபோது, ஷரோனின் நெருங்கிய ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் 2004 அக்டோபரில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். இந்த வெளியேற்றம் ஃபார்மால்டிஹைடு மாதிரி, பாலஸ்தீனர்களோடு அரசியல் பேச்சே நடக்காமல் இருப்பதற்குத் தேவையான அளவு இது தரும் என்றார். பள்ளி ஆய்வகத்தில் செத்த தவளையைப் போட்டு வைத்திருப்பார்களே, அதே திரவம். உயிரும் வராது, அழுகவும் செய்யாது. அடுத்த இருபது வருட இஸ்ரேலியக் கொள்கையை விவரிக்க இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தக் கொள்கைக்கு ஹமாஸ் காசாவில் இருப்பது வசதியாக இருந்தது. 2015-இல் தீவிர வலதுசாரி உறுப்பினர் பெசலெல் ஸ்மோட்ரிச் இதைக் கினெசெட் தொலைக்காட்சியிலேயே வெளிப்படையாகச் சொன்னார்: பாலஸ்தீன அதிகார சபை (ஒஸ்லோவில் பிறந்து மேற்குக் கரையின் பகுதிகளை நிர்வகிக்கும் அமைப்பு) நமக்குச் சுமை, ஹமாஸ் நமக்குச் சொத்து. அதன் தர்க்கம் எளிது. அதிகார சபை ஐ.நா.வுக்குப் போகும், சர்வதேச நீதிமன்றங்களுக்குப் போகும், நாடாக அங்கீகாரம் கேட்கும். ஹமாஸுக்கு அந்தக் கதவுகள் திறக்காது. 2018 நவம்பரிலிருந்து கத்தார் தந்த பணம் மாதம் 1.5 கோடி டாலர் வரை பெட்டிகளில் அடுக்கப்பட்டு, இஸ்ரேல் வழியாகவே கார்களில் காசாவுக்குள் போனது. நெதன்யாகு அரசின் ஒப்புதலோடுதான் போனது. அதில் அரசு ஊழியர் சம்பளம் இருந்தது, ஏழைக் குடும்பத்துக்கு நூறு டாலர் உதவியும் இருந்தது. பசியைத் தணிக்கும் பணம் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே வருடங்களில் ரமல்லாவில் இருக்கும் அதிகார சபையின் வரிப்பணம் பிடித்து வைக்கப்பட்டது. ஒரு பக்கம் பெட்டியில் பணம் போக, இன்னொரு பக்கம் சம்பளம் நிற்க, இரண்டு பாலஸ்தீன ஆட்சிகளும் ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. இருவர் இருக்கும்வரை "யாரோடு பேசுவது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

நான்காயிரம் வாக்கு

2022 நவம்பர் 1 தேர்தல் அந்தத் திரவம் வைத்திருந்த ஜாடியையே உடைத்தது. கினெசெட்டுக்குள் நுழையக் குறைந்தது 3.25 சதவீத வாக்கு வேண்டும். 2014-க்கு முன்பு 2 சதவீதம்தான் இருந்தது. நெதன்யாகு தன் பக்கத்தில் ஒரு வாக்கும் வீணாகாதபடி ஸ்மோட்ரிச், இன்னொரு தீவிர வலதுசாரித் தலைவரான இதாமர் பென் கிவிர், நோவாம் கட்சி என்று மூன்று தரப்பையும் ஒரே பட்டியலில் உட்காரவைத்தார். எதிரணியில் அப்படிச் செய்ய ஆளில்லை. இடதுசாரி மெரெட்ஸ் தொழிற்கட்சியோடு சேரவில்லை. 3.16 சதவீதத்தில், சுமார் 4,000 வாக்குக் குறைந்து வாசலிலேயே நின்றுவிட்டது. அரபுக் கட்சிகளின் கூட்டிலிருந்து பலாத் வேட்புமனுவின் கடைசி நேரத்தில் பிரிந்து 2.9 சதவீதம் வாங்கியது. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம் வாக்கு ஓர் இடம்கூட இல்லாமல் வீணாயிற்று. நாடு முழுக்க இரு அணிகளுக்கும் விழுந்த வாக்குகள் ஏறத்தாழச் சமம். இடங்களோ 64-க்கு 56.

64-இல் ஸ்மோட்ரிச்சுக்கு 7, பென் கிவிருக்கு 6. லஞ்ச வழக்கில் விசாரணையை எதிர்கொண்டிருந்த நெதன்யாகுவோடு நடுநிலைக் கட்சிகள் சேர மறுத்ததால், அந்த இருவரையும் விட்டால் அவருக்கு வேறு வழி இல்லை. விலையை அவர்கள் எழுத்திலேயே வாங்கினார்கள். ஸ்மோட்ரிச்சுக்கு நிதி அமைச்சகம், கூடவே பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் மேற்குக் கரைக் குடியேற்ற விவகாரங்களைக் கவனிக்கும் தனி அமைச்சர் பதவி. பென் கிவிருக்குக் காவல்துறை. பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் கிடைத்த அந்தப் பதவியைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டார்கள். 1967 முதல் ராணுவத்தின் கையிலிருந்த கட்டட அனுமதி, நில அறிவிப்பு போன்ற அதிகாரங்கள் 2023-இலிருந்து படிப்படியாக ஓர் அரசியல்வாதியின் கைக்கு மாறின. மேற்குக் கரையில் 60 சதவீத நிலம், இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் சி பகுதி. அங்கே யார் வீடு கட்டலாம், யாருடைய வீடு இடிபடும் என்பது அந்த மேசையில் முடிவாகிறது.

அந்த மார்ச் மாதம்

இஸ்ரேலில் நிதியாண்டு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட் நிறைவேறும்வரை அரசு முந்தைய வருடச் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று மாதாமாதம் ஓட்டலாம். மார்ச் 31 நள்ளிரவுக்குள்ளும் நிறைவேறவில்லை என்றால் கினெசெட் தானாகவே கலைந்துவிடும், 90 நாளில் தேர்தல். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றால்கூட எதிரணி 61 பேரைத் திரட்டி மாற்றுப் பிரதமர் ஒருவரின் பெயரையும் முன்மொழிய வேண்டும். பட்ஜெட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. கூட்டணியில் சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே போதும், அரசு விழும். இந்தச் சட்டத்தின் கூர்மை நெதன்யாகுவுக்கு நன்றாகத் தெரியும். 2020-இல் பெனி கான்ட்ஸோடு பிரதமர் பதவியைப் பங்குபோட்டுக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, பட்ஜெட் நிறைவேறாமல் டிசம்பரில் அவை கலைந்ததால்தான் கான்ட்ஸுக்கு அந்த நாற்காலி கிடைக்காமலே போயிற்று.

இப்போது 2025 ஜனவரியைப் பார்க்கலாம். மூன்று கட்டப் போர்நிறுத்தம். முதல் கட்டம் 42 நாள்: 33 பணயக் கைதிகள் விடுதலை, பதிலுக்குப் பாலஸ்தீனச் சிறைவாசிகள், உதவிப் பொருள் லாரிகள். பதினாறாம் நாள், அதாவது பிப்ரவரி 3 அன்று, இரண்டாம் கட்டப் பேச்சு தொடங்க வேண்டும். இரண்டாம் கட்டம்தான் உயிர்நாடி. மிச்ச உயிருள்ள கைதிகள் எல்லாரும் வெளியே வருவார்கள், இஸ்ரேலியப் படை காசாவை விட்டு முழுக்க வெளியேறும், போர் முடியும். அமைச்சரவை ஒப்புக்கொண்ட உடனேயே பென் கிவிர் ஆறு இடங்களோடு வெளியேறினார். இடையில் எதிரணியிலிருந்து கிதியோன் சாரின் நான்கு பேர் வந்து சேர்ந்ததால் 68 ஆகியிருந்த கூட்டணி 62-க்கு இறங்கியது. ஸ்மோட்ரிச் எதிர்த்து வாக்களித்தார், ஆனால் போகவில்லை. முதல் கட்டம் முடிந்ததும் போர் தொடர வேண்டும், இல்லையென்றால் நானும் போய்விடுவேன் என்பது அவர் வைத்த நிபந்தனை. இன்னொரு பக்கம், மதப்பள்ளி மாணவர்களையும் ராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்று 2024 ஜூனில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் கொதித்திருந்த ஐக்கிய தோரா யூதக் கட்சி. அவர்களிடம் 7 பேர். விலக்குச் சட்டம் வராவிட்டால் பட்ஜெட்டுக்கு ஆதரவில்லை என்று அதில் ஒரு பிரிவு மிரட்டிக்கொண்டிருந்தது.

62-இல் எந்த ஏழு போனாலும் 55. ஆக, பிப்ரவரி முதல் வாரத்தில் நெதன்யாகுவின் மேசையில் இருந்த கணக்கு இதுதான்: இரண்டாம் கட்டத்துக்குப் போனால் ஸ்மோட்ரிச் போவார், பட்ஜெட் விழும், மார்ச் 31-இல் அவை கலையும், விசாரணைக் கூண்டில் நின்றுகொண்டே 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகான முதல் தேர்தலைச் சந்திக்க வேண்டும். போகாவிட்டால் பென் கிவிர் திரும்பி வருவார், ஆறு வாக்கு கூடும், தோரா யூதக் கட்சியின் மிரட்டலுக்கும் பல் போய்விடும்.

நடந்தவை வரிசையாக இவை. பிப்ரவரி 3 கடந்தது, இரண்டாம் கட்டப் பேச்சு உருப்படியாகத் தொடங்கவே இல்லை. மார்ச் 1-இல் முதல் கட்டம் முடிந்தது. மார்ச் 2-இல் காசாவுக்குள் உணவு, மருந்து, எரிபொருள் எல்லாம் நிறுத்தப்பட்டன. ஒப்பந்தப்படி மார்ச் 9-க்குள் இஸ்ரேல் விட்டுவிட வேண்டிய, எகிப்து எல்லையை ஒட்டிய 14 கிலோமீட்டர் ஃபிலடெல்ஃபி பட்டையில் படை அப்படியே நின்றது. மார்ச் 18-இல் குண்டு மழை. அன்று நீதிமன்றத்தில் நெதன்யாகு சாட்சியம் சொல்ல வேண்டிய நாள், விசாரணை ரத்தானது. அன்றே பென் கிவிர் கட்சி திரும்பி வருவதாக அறிவித்தது, மறுநாள் அவர் மீண்டும் அமைச்சர். மார்ச் 25-இல் பட்ஜெட்.

இஸ்ரேலிய அரசு சொன்ன காரணத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் கட்டத்தை நீட்டித்து மேலும் கைதிகளை விடுவிக்கும் அமெரிக்க யோசனையை ஹமாஸ் ஏற்கவில்லை, ஆயுதத்தோடு ஹமாஸ் காசாவில் இருக்கும்வரை எங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். இரண்டாவது வாதம் வெறும் சாக்கு அல்ல. சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைத் தூக்கிக்கொண்டு போன ஓர் அமைப்புக்குப் பக்கத்தில் எந்த மக்களும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். ஆனால் முதல் வாதம் நிற்காது. நீட்டிப்பு என்பது கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருந்த இரண்டாம் கட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டது. அன்றைக்குக் காசாவில் இருந்த 59 கைதிகளில் 24 பேர் வரை உயிரோடு இருப்பதாக நம்பப்பட்டது. அவர்களின் பெற்றோரும், சுரங்கத்திலிருந்து மீண்டு வந்தவர்களும் குண்டு போடாதீர்கள் என்று தெருவில் நின்று கெஞ்சினார்கள். போரை நிறுத்தி எல்லாரையும் மீட்பதைத்தான் இஸ்ரேலியரில் பெரும்பான்மையினர் விரும்பினார்கள் என்று கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து காட்டின. நாட்டில் பெரும்பான்மைக்கு இருந்த விருப்பம் கினெசெட்டில் ஏழு இடங்களைத் தாண்ட முடியவில்லை. ஒரு மனிதரின் மனதுக்குள் புகுந்து நோக்கத்தை அளக்க யாராலும் முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. அவரை அந்தப் பக்கம் தள்ளிய விசைகள் எல்லாமே பொதுப் பதிவில் இருக்கின்றன.

மார்ச் 2-இல் போட்ட முழுத் தடை மே 19 வரை, பதினொரு வாரம் நீடித்தது. ஆகஸ்ட் 22 அன்று காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு வகைப்பாட்டு அமைப்பு உறுதிசெய்தது.

கடைசியில் 2025 அக்டோபர் 10 அன்று வந்த போர்நிறுத்தத்தின் அடிப்படை, கைதிகளுக்குப் பதில் சிறைவாசிகள், படை படிப்படியாகப் பின்வாங்கல், மறுகட்டமைப்பு. இவை 2024 மே 31 அன்றே பைடன் மேசையில் வைத்த திட்டத்திலும் இருந்தவை. காசா சுகாதார அமைச்சகக் கணக்கில் அந்த மே மாத இறுதியில் இறந்தவர்கள் சுமார் 36,000. அக்டோபரில் 67,000-க்கும் மேல். இடையில் மாறியது என்ன? பட்ஜெட் முடிந்துவிட்டது. கினெசெட் கோடை விடுமுறையில் இருந்தது. தோஹாவில் இஸ்ரேல் குண்டு வீசியதால் கோபமடைந்த கத்தாருக்கு வெள்ளை மாளிகையிலிருந்தே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைக்கு டிரம்ப் நெதன்யாகுவைக் கொண்டுவந்திருந்தார். சட்டப்படி 2026 அக்டோபருக்குள் தேர்தல் எப்படியும் வந்தாக வேண்டும் என்பதால், வெளியேறுவேன் என்ற மிரட்டலின் விலையும் இறங்கிவிட்டது. ஸ்மோட்ரிச்சும் பென் கிவிரும் எதிர்த்து வாக்களித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ரமல்லாவும் காசாவும்

இதுவரை சொன்னதை வைத்து ஒரு பக்கத்தின் குற்றப்பத்திரிகை என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலஸ்தீனத் தலைமைகளுக்கும் இதே கணக்கு உண்டு. என்ன வித்தியாசம் என்றால், அங்கே மார்ச் 31 போல ஒரு நாளே கிடையாது. தேர்தலே வராது.

2006 ஜனவரி 25 தேர்தலில் ஹமாஸ் 132-இல் 74 இடங்களை வென்றது. மக்கள் அலையலையாக ஹமாஸ் பக்கம் போனதாக இன்றும் எழுதுகிறார்கள். வாக்குக் கணக்கு வேறு சொல்கிறது. பாதி இடங்கள் நாடு தழுவிய கட்சிப் பட்டியலுக்கு. அதில் ஹமாஸுக்கு 29, அதுவரை அதிகார சபையை நடத்திவந்த ஃபதா கட்சிக்கு 28. மீதி 66 இடங்கள் மாவட்ட வாரியாக. மாவட்டத்தில் எத்தனை இடமோ வாக்காளருக்கு அத்தனை வாக்கு. ஹமாஸ் எண்ணி அளவாக ஆள் நிறுத்தியது. ஃபதாவில் சீட்டுக் கிடைக்காதவர்கள் எல்லாம் சுயேச்சையாக நின்று சொந்தக் கட்சி வாக்கையே பிரித்தார்கள். மாவட்டங்களில் ஹமாஸ் 45, ஃபதா 17. கட்சிப் பட்டியல் வாக்கில் இடைவெளி 44-க்கு 41 சதவீதம் மட்டுமே. தோல்வியை ஏற்று எதிர்க்கட்சியாக உட்கார ஃபதாவும் தயாராக இல்லை, இஸ்ரேலை அங்கீகரிக்க ஹமாஸும் தயாராக இல்லை. வெளிநாட்டுப் பணம் நின்றது. 2007 ஜூனில் காசா தெருக்களில் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு ஆட்சி: காசாவில் ஹமாஸ், மேற்குக் கரையின் ரமல்லாவில் ஃபதாவின் அதிகார சபை.

ரமல்லாவின் ஆட்சி கயிற்றில் நடக்கும் ஆட்சி. 1994-இல் கையெழுத்தான பாரிஸ் நெறிமுறைப்படி, பாலஸ்தீனர் இறக்குமதி செய்யும் பொருளுக்கான சுங்கவரியையும் மதிப்புக்கூட்டு வரியையும் இஸ்ரேலே வசூலித்து, 3 சதவீதம் கட்டணம் பிடித்துக்கொண்டு மாதாமாதம் அனுப்ப வேண்டும். அதிகார சபையின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு இதுதான். இஸ்ரேலிய நிதியமைச்சர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது, மருத்துவமனையில் மருந்து கிடையாது. 2022 டிசம்பர் இறுதியில் அந்தக் கையெழுத்து ஸ்மோட்ரிச்சுடையதாயிற்று. இந்தப் பிடிக்குள் இருக்கும் அதிகார சபைத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் இஸ்ரேலை மிகவும் எதிர்த்தால் கஜானா காலி, மிகவும் ஒத்துப்போனால் சொந்த மக்களிடம் துரோகிப் பட்டம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நீண்ட நாள் பதவியில் இருக்க வழி. நான்கு வருடத்துக்கு என்று 2005 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இருபது வருடத்துக்கும் மேலாக அங்கேயே இருக்கிறார்.

ஹமாஸின் கணக்கு இன்னும் கொடியது. 2023 செப்டம்பரில் சவுதி அரேபியாவும் இஸ்ரேலும் உறவு ஏற்படுத்திக்கொள்ளும் பேச்சு ஒவ்வொரு நாளும் நெருங்குவதாக சவுதி பட்டத்து இளவரசரே சொன்னார். பாலஸ்தீனப் பிரச்சினை மேசையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. காசாவை ஆளும் பாரமும் ஹமாஸின் செல்வாக்கைத் தின்றுகொண்டிருந்தது. அக்டோபர் 7 எல்லாரையும் மறுபடி அந்த மேசைக்கு இழுத்தது. அதற்கு வரப்போகும் பதிலடியைத் தாங்கப்போவது யார் என்று தெரிந்தேதான் செய்தார்கள். போராளிகளுக்குப் பல நூறு கிலோமீட்டர் சுரங்கம் தோண்டியவர்கள் பொதுமக்களுக்கு ஒரு பதுங்குமிடம் கட்டவில்லை. 2025 பிப்ரவரியில் மேடை போட்டு, முகமூடியும் துப்பாக்கியுமாக வரிசையில் நின்று கைதிகளை ஒப்படைத்த காட்சியும் இதே வகைதான். நாங்கள் இன்னும் ஆள்கிறோம் என்று காசா மக்களுக்குக் காட்டுவதற்காக நடந்தது அது. அந்தப் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஸ்மோட்ரிச் போரைத் தொடர வேண்டும் என்று வாதாடினார்.

2021-இல் ஒரு வாசல் திறப்பதுபோல் இருந்தது. மே 22 அன்று நாடாளுமன்றத் தேர்தல் என்று அப்பாஸ் அறிவித்தார். தகுதியுள்ளவர்களில் 93 சதவீதம் பேர் வாக்காளராகப் பதிவு செய்தார்கள். 36 பட்டியல்கள் தாக்கலாயின. சிறையிலிருக்கும் மர்வான் பர்கூதியும் அராஃபத்தின் உறவினர் நாசர் அல் குத்வாவும் சேர்ந்து ஃபதாவிலிருந்தே எதிர்ப் பட்டியல் போட்டார்கள். 2006 போலவே மறுபடியும் ஃபதா வாக்குப் பிரிவது உறுதியாயிற்று. கிழக்கு ஜெருசலேமில் வாக்குப்பதிவு நடத்த இஸ்ரேல் உறுதி தரவில்லை. அது உண்மையான தடை, அப்பாஸுக்கு வாய்த்த நல்ல சாக்கும்கூட. ஏப்ரல் இறுதியில் தேர்தலைக் காலவரையறையின்றித் தள்ளிவைத்தார். ஹமாஸ் ஒரு தேர்தலை நேருக்கு நேர் சந்திக்க வேண்டிய கட்டாயமும் அத்தோடு போயிற்று. பதினைந்து நாளைக்குள் ஜெருசலேம்மீது ஹமாஸ் ராக்கெட் ஏவியது, காசாவில் பதினோரு நாள் போர்.

2006 ஜனவரியில் வாக்களிக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 1988-க்குப் பிறகு பிறந்த ஒரு பாலஸ்தீனர், காசாவிலோ மேற்குக் கரையிலோ, தன்னை ஆள்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றத் தேர்தலிலோ அதிபர் தேர்தலிலோ ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. காசாவின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்தத் தேர்தல் முடிந்த பிறகு பிறந்தவர்கள்.